எச். எச். மையர்: கப்பல் முதலாளி கடல்மீட்புச் சங்கத்துக்குத் தலைவரானது ஏன்?

கேள்வி (ராயபுரம்)

வணக்கம். ஜெர்மனியின் பிரேமன் நகர வணிகர் ஹெர்மன் ஹென்ரிஷ் மையர் (1809–1898) குறித்துப் படித்து வருகிறேன். 1856-இல் பிரேமன் வங்கியையும், 1857-இல் நார்ட்டாய்ச்சர் லாய்டு கப்பல் நிறுவனத்தையும் முன்னின்று தொடங்கியவர். நகர மன்றத்திலும், ஃபிராங்க்பர்ட் தேசிய மன்றத்திலும், பின்னர் பெர்லின் நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றவர். இத்தனை பொறுப்புகளுக்கு நடுவே, கப்பல் உடைந்து தத்தளிப்போரை மீட்க 1865-இல் உருவான ஜெர்மானியச் சங்கத்துக்கும் அவரே முதல் தலைவரானார். அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு வணிகர் ஏன் தலைமேல் போட்டுக்கொண்டார்? என் உறவினர் பலர் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் என்பதால் கேட்கிறேன்.

பதில் (மண்ணடி)

ஐயா, எந்த அரசு என்பதுதான் அன்றைய சிக்கல். 1871-க்கு முன் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. அதன் கடற்கரை பிரஷ்யா, ஹனோவர், ஓல்டன்பர்க், பிரேமன், ஹாம்பர்க் எனத் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தது. பிரேமனோ தன்னாட்சி நகரம். வணிகர்களின் கை அங்கே ஓங்கியிருந்தது. வேசர் ஆறு தூர்ந்துபோனதால் 1827-இல் கடலோரத்தில் நிலம் வாங்கிப் பிரேமர்ஹாவன் துறைமுகத்தை உருவாக்கிய அந்த நகரம், அமெரிக்காவுக்குக் குடிபெயர்வோரை ஏற்றி அனுப்பியே பெரிதும் வளர்ந்தது. மையருக்கு இதில் ஆதாயமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயணிகளுக்குக் கடல்வழியில் நம்பிக்கை இருந்தால்தான் கப்பல் நிறையும்.

பதில் (காசிமேடு)

மையரைப் பாராட்டும்போது அவருக்கு முன் உழைத்தவர்களை விட்டுவிடக் கூடாது. 1860-இல் ‘போர்கும்’ என்ற ஜெர்மானியத் தீவருகே ‘அலியான்ஸ்’ என்ற பாய்மரக் கப்பல் உடைந்து மாலுமிகள் மாண்டபோது, மீட்புப் பணிக்காக முதலில் குரல் கொடுத்தவர் அடால்ஃப் பெர்ம்போல் என்ற கப்பலோட்டக் கல்வி ஆசிரியர். மறு ஆண்டே எம்டன் நகரில் கேயோர்க் பிராய்சிங் முதல் சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியாக இயங்கிய இத்தகைய சங்கங்கள் ஒன்றுசேர்ந்தபோது, எல்லாரும் ஏற்கும் தலைவராகவும், பணம் திரட்டக்கூடியவராகவும் மையர் அமைந்தார்.

அன்றைய மீட்பு முறை ஒன்றைச் சொல்கிறேன். கரையிலிருந்து ராக்கெட் மூலம் மெல்லிய கயிற்றை உடைந்த கப்பலின் மேல் எறிவார்கள். மாலுமிகள் அதைப் பிடித்திழுத்தால் பின்னாலேயே கனத்த வடம் வரும். அதைப் பாய்மரத்தில் கட்டியதும், மிதவை வளையத்தில் தைத்த கால்சட்டைக்குள் ஒருவர் இறங்கி உட்கார, கரையில் நிற்பவர்கள் இழுப்பார்கள். ஒரு முறைக்கு ஓர் உயிர். அலையில் தவிக்கும் படகுக்குக் கயிறு வீசிப் பழகிய எங்களுக்கு, அது எவ்வளவு பொறுமையும் உடல்வலுவும் கேட்கும் வேலை என்பது தெரியும்.

பதில் (மண்ணடி)

ஒன்றைச் சேர்க்கிறேன். 1875 டிசம்பரில் மையரின் நிறுவனத்துக்கே சொந்தமான ‘டாய்ச்லாண்ட்’ நீராவிக் கப்பல் இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டில் ஏறி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அருகிலிருந்த ஹார்விச் துறைமுகத்தில் அப்போது உயிர்மீட்புப் படகே இல்லை. ஓர் இழுவைக் கப்பல்தான் மிகத் தாமதமாக வந்து எஞ்சியோரைக் காப்பாற்றியது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அந்தச் சங்கம் இன்றும் பிரேமனைத் தலைமையிடமாகக் கொண்டு நன்கொடையிலேயே இயங்குகிறது. 1875 முதல் சிறு படகு வடிவ உண்டியல்களை வைத்துக் காசு திரட்டி வருகிறது. நம் பக்கம் இயந்திரம் நின்றுபோன விசைப்படகைக் கட்டியிழுத்து வருபவர் தன் டீசலையும் அன்றைய மீன்பாட்டையும் சேர்த்தே இழக்கிறார். மீன் ஏலக்கூடத்தில் அப்படி ஓர் உண்டியல் வைத்து, அந்த டீசல் செலவையாவது ஈடுகட்ட முடியுமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசப் போகிறேன்.