ஜரிகை நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, ஓணம் ஆர்டர் கையில் நிற்கிறது

கொழிஞ்சாம்பாறை தையல்காரி:
வணக்கங்க. வீட்டில் ஒற்றை ஊசி கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்திருக்கிறேன். ஓணத்துக்கு 18 செட் முண்டு (இரண்டு துண்டாக உடுத்துகிற கேரள உடை) ஆர்டர். மேல்துண்டான நேரியதில் தங்கக் கரையான கசவை ஒட்டி, பாதி கசவின் மேலேயே ஏறுகிற மாதிரி ஜரிகை நூலில் மயில். நேற்று ஒரே மயிலுக்கு 23 தடவை நூல் அறுந்தது, உட்கார்ந்து எண்ணினேன். கழுத்து வரைக்கும் சமத்தாகப் போகும், தோகை தொடங்கியதும் ஆரம்பித்துவிடும். அது போதாதென்று இப்போது சாதாரண பாலியஸ்டர் நூலும் அவ்வப்போது பஞ்சு பஞ்சாகப் பிரிகிறது. மேல் நூலின் இறுக்கத்தை, அதான் டென்ஷனை, 4-லிருந்து 2 வரை இறக்கிப் பார்த்தேன். நூலை மாற்றினேன், இரண்டு தடவை புதிதாகக் கோர்த்தேன். ஊசி 75/11 அளவு, வேகம் நிமிடத்துக்கு 800 தையல். நூல் விற்ற கடையில் கேட்டால், நூலில் குறை இல்லை, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்கிறார்கள்.

சித்தூர் பேட்டை:
நூல் மேல் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்துப் பாருங்க அக்கா. எனக்கு அதில்தான் சரியானது.

வாளையார்க்காரி:
வெள்ளைத் துணியில் பார்த்து அடிங்க. ஸ்ப்ரே கிடைக்கவில்லை என்று ஒரு தடவை மெஷின் எண்ணெயை நூலில் தொட்டு ஓட்டினேன். இலை முழுக்க மஞ்சள் கறை. அந்த முண்டு இன்றைக்கும் என் பீரோவில்தான் இருக்கிறது.

நகரி மெக்கானிக்:
அம்மா, முதலில் டென்ஷனை விட்டு கையை எடுங்கள். நூல் அறுந்தால் எல்லோரும் அதைத்தான் திருகுகிறார்கள், அது கடைசியில் பார்க்க வேண்டியது. அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். கத்தரித்த மாதிரி இருக்கிறதா, துடைப்பம் மாதிரி விரிந்திருக்கிறதா, மேல் தகடு உரிந்து உள்நூல் மட்டும் நிற்கிறதா? ஜரிகை நூலும் பாலியஸ்டரும் தனித்தனியாக வேண்டும். அப்புறம், கடைசியாக எப்போது ஊசி ஒடிந்தது?

கொழிஞ்சாம்பாறை தையல்காரி:
ஜரிகையில் தங்கத் தோல் சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது, உள்ளே வெள்ளை நூல் தெரிகிறது. பாலியஸ்டர் துடைப்பம் மாதிரிதான். ஆடியில் ஃபிரேமில் இடித்து ஒரு ஊசி ஒடிந்தது, மாற்றிவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா அண்ணா?

நகரி மெக்கானிக்:
இருக்கிறது. உங்களுக்கு வியாதி ஒன்று இல்லை, இரண்டு. அதனால்தான் எதைச் செய்தாலும் பாதிதான் குணமாகிறது.

ஜரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் உள்ளே ஒரு நூல், மேலே மெல்லிய தகட்டுச் சுற்று. ஒரே இடம் தையலில் போய் உட்காருவதற்குள் ஊசிக் கண் வழியாகப் பல தடவை மேலும் கீழும் போய்வரும். 75/11 கண்ணில் அது உரசி உரசித் தோல் உரிகிறது. 90/14-இல் கண் பெரிதான டாப்ஸ்டிச் அல்லது மெட்டாலிக் ஊசி போடுங்கள். போடுமுன் ஒரு சோதனை: அரை மீட்டர் நூலில் ஊசியைக் கோர்த்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த நூலுக்கு அந்த ஊசி ஆகாது. இன்னொன்று, கசவும் ஜரிகைதானே, அதில் குத்திக் குத்தி ஊசி முனை சீக்கிரம் மழுங்கும். வெறும் துணியில் ஓடுகிற நாள் கணக்கை இங்கே பார்க்காதீர்கள்.

தோகையில் மட்டும் அறுவதற்குக் காரணம் டிசைன். அது சாதாரண நூலுக்குப் போட்டதாக இருக்கும், வரிக்கு வரி 0.4 மி.மீ. தோகைக் கண்ணுக்கு மேல் கண் அடுக்கும்போது ஊசி ஏற்கெனவே தைத்த ஜரிகையையே குத்துகிறது. இடைவெளியை 0.5 ஆக்குங்கள், 1 மி.மீ.-க்குக் குறைந்த தையல்களை எடுத்துவிடுங்கள், ஜரிகை கடைசி நிறமாக வரட்டும். வேகம் 500. அவசரமென்று 800-இல் ஓட்டி 23 தடவை கோர்ப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

பாலியஸ்டர் துடைப்பமாவது வேறு கதை. ஊசி ஒடிந்தபோது, அது இறங்குகிற மெஷின் தகட்டின் ஓட்டையில் தட்டியிருக்கும். தகட்டைக் கழற்றி, பழைய நைலான் துணியை ஓட்டை விளிம்பில் சுற்றித் தேயுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே பிசிறு. 1000 நம்பர் உப்புத்தாளை மெல்லத் திரித்து அந்த இடத்தை மட்டும் வழவழப்பாக்கித் தூளைத் துடையுங்கள். அடியில் நூலைப் பிடிக்கிற ஹூக்கின் முனையில் மட்டும் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள், அதில் கீறல் இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

வாளையார்க்காரி:
நூல் எங்கே நிற்கிறது, ஜன்னல் பக்கமா? இந்த மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. எனக்கு நூல் பறந்து கோனுக்கு அடியில் மாட்டி அறுந்ததுண்டு. கோனுக்கு வலை போட்டேன், நின்றது. சின்ன ரீலாக இருந்தால் தலைப்பக்கமாக உருவாதீர்கள், முறுக்கு ஏறும். ரீல் உருண்டு பக்கவாட்டில் அவிழ வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும். தகட்டில் அண்ணா சொன்ன இடத்திலேயே நைலான் மாட்டியது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, நகத்தால் தடவினால் மட்டும் சுரண்டுகிறது. தேய்த்தபின் பாலியஸ்டர் ஒரு தடவைகூடப் பிரியவில்லை. பழைய ஊசியை நூலில் கோர்த்துப் பிடித்தால் அசையாமல் தொங்கியது, 90/14 சர்ரென்று இறங்கியது. 0.5 இடைவெளியில் தோகை கொஞ்சம் வெளுத்துத் தெரியுமோ என்று பயந்தேன், அடியில் மஞ்சள் நூலில் மெல்லிய நிரப்பு கொடுத்ததில் கசவோடு ஒத்துப்போய்விட்டது. இப்போது மயிலுக்கு ஒன்று அல்லது இரண்டு அறுப்பு. டென்ஷன் 3-இல் வைத்திருக்கிறேன்.

நகரி மெக்கானிக்:
அடிப்பக்கத்தைப் பாருங்கள். அகலத் தையலில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் 3 சரி, தொடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி:
தெரிகிறது அண்ணா. ஏழு முடிந்தது, பதினொன்று பாக்கி. மூன்று முண்டுக்கு ஓர் ஊசி என்று போகிறது, பாக்கெட்டில் இன்னும் இரண்டுதான் இருக்கிறது. நாளைக் காலை வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் வாங்கி வரணும்.