'தி மேஜிக் பாக்ஸ்' திரைப்படம்: உதவி வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் திரைப்படக் கருவி உருவாக்க முயன்று, 1889இல் காப்புரிமையும் பெற்று, 1921இல் லண்டனில் திரைத்துறையினர் கூட்டமொன்றில் பேசியபின் வறுமையிலேயே உயிரிழந்த வில்லியம் ஃபிரீஸ்-கிரீனின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி மேஜிக் பாக்ஸ்' (1951) படத்தின் தெளிவான வண்ணப் பிரதி, ஆங்கில வசன வரிகளுடன் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து சொல்லுங்கள். ஜான் போல்ட்டிங் இயக்கத்தில் ராபர்ட் டோனட் நாயகனாக நடித்த படம் இது.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. திரையில் படம் அசைவதை முதன்முதலாக, லாரன்ஸ் ஒலிவியே நடித்த காவலருக்கு நள்ளிரவில் ஃபிரீஸ்-கிரீன் போட்டுக்காட்டும் காட்சி என்னை மிகவும் நெகிழ வைத்தது. ஆனால் பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் லூயி லெ பிரின்ஸ் 1888இலேயே இங்கிலாந்தின் லீட்சில் படம்பிடித்துவிட்டார் என்பதாலும், ஃபிரீஸ்-கிரீனின் சாதனையைப் படம் மிகைப்படுத்துகிறது என வரலாற்றாசிரியர்கள் கருதுவதாலும், அக்காட்சிக்கு ஆதாரம் உண்டா என்பதை ஆராய்ந்த நம்பகமான நூலோ கட்டுரையோ இருந்தால் தெரிவியுங்கள்.