ஏமி கார்மைக்கேல் பாடம்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மே மாத வி.பி.எஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அயர்லாந்திலிருந்து வந்து திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் உதவி தேவை.

நீலக் கண் கதையில் சிக்கல் இல்லை. அயர்லாந்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது நீலக் கண் கேட்டு ஜெபித்தாராம், கிடைக்கவில்லை. பிற்பாடு சேலை கட்டி, கைகளில் சாயம் பூசிக்கொண்டு நம் ஊர்ப் பெண்ணைப் போல் நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் தோதாக இருந்தது. கேட்டது கிடைக்காததும் பதில்தான் என்று பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

1901இல் பிரீனா என்ற சிறுமி கோயிலிலிருந்து தப்பி அவரிடம் வந்த இடத்தில்தான் தடுமாறுகிறேன். அவளுக்கும் ஏழு வயதுதான். ஏன் ஓடி வந்தாள் என்று நிச்சயம் கேட்பார்கள். பொட்டுக்கட்டுவதை, அதாவது சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பழைய வழக்கத்தை, இந்த வயதில் எவ்வளவு சொல்வது? வகுப்பில் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் மனம் நோகக்கூடாது. அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்பதையும் சேர்க்க நினைக்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள், எனக்கு அது அவசியமாகவே படுகிறது.

இதை வகுப்பில் எடுத்தவர்கள் எப்படிச் சொன்னீர்கள்? அப்புறம், டோனாவூரில் அவர் கல்லறை மேல் இருக்கும் பறவைத் தொட்டி, ‘அம்மா’ என்ற எழுத்து தெரிகிற மாதிரி யாரிடமாவது படம் இருந்தால் போடுங்கள்.