மாமரத்துப் புல்லுருவி தானா கருகுது, அந்தப் பூஞ்சையை வச்சே ஒழிக்கலாமா?

மலையோரத்தான், குலசேகரம்
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற செங்கவருக்கை மாவுல மேல்கொப்பு பூரா புல்லுருவி. மழைக்குப் பிறகு அதுல ரெண்டு கொத்து மட்டும் தானா கருகுது. இலையில பழுப்புப் புள்ளி விழுந்து, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, இலை உதிருது. தண்டு நுனியும் காயுது. மாவிலைக்கு ஒண்ணும் இல்ல. அந்த இலையை அரைச்சுக் கலக்கி மத்த கொத்துக்கும் அடிச்சா பட்டுப்போகுமா? மரம் ஏற ஆள் கிடைக்கல. பக்கத்துல ரப்பரும் நிக்குது.

வேர்முடிச்சு
அண்ணே, தயவுசெஞ்சு அடிச்சிராதீங்க. கருகின இலையை ஈரக் காகிதத்துல சுத்தி, மூடின டப்பாவுல ரெண்டு மூணு நாள் வச்சுப் பாருங்க. புள்ளி மேல இளஞ்சிவப்பா, வழவழன்னு ஊசிமுனை அளவு பொட்டுகள் எழும்பினா பெரும்பாலும் கொலிட்டோட்ரைக்கம்ங்கிற பூஞ்சை. மாம்பூவையும் பிஞ்சையும் கருக்குற ஆந்த்ராக்னோஸ், ரப்பர் கொழுந்திலையை உதிர்க்குற நோய், ரெண்டுக்கும் காரணம் இதே பேரினம்தான். உங்க மரத்துல இருக்கறது புல்லுருவியை மட்டும் தாக்குமா, மாவையும் பிடிக்குமான்னு கண்ணால சொல்ல முடியாது.

நீங்க கேட்டது நல்ல கேள்வி. கனடாவுல ஊசியிலை மரங்களைப் பிடிக்கிற குட்டைப் புல்லுருவிக்கு எதிரா கொலிட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டிஸை வச்சே ஆராய்ச்சி நடந்திருக்கு. காலிசியோப்சிஸ்னு இன்னொரு பூஞ்சை அந்தக் குட்டைப் புல்லுருவியோட பெண்பூவைத் தாக்கி விதை பிடிக்க விடாது. ஐரோப்பியப் புல்லுருவிக்கும் இலையைக் கொல்ற பூஞ்சை உண்டு. ஆனா வெளித்தண்டு செத்தாலும் மரக்கட்டைக்குள்ள இறங்கின உறிஞ்சுவேர் உயிரோட கிடக்கும், திரும்பத் துளிர்க்கும். எல்லாரும் முட்டி நிக்கிற இடம் அதுதான்.

தோப்புக்காரி, திருவட்டார்
எங்க அயினிப் பலா மரத்துலயும் இதே தொல்லை. வெட்டுறதுதான் வழி தம்பி. ஒட்டியிருக்கிற இடத்துக்கு ஒரு அடி கீழ, கொப்போட சேர்த்து வெட்டணும். பழம் பழுக்குறதுக்கு முன்னாடி முடிச்சிரணும். பழுத்துட்டா குருவி தின்னுட்டு, பசை ஒட்டின விதையை அடுத்த கொப்புல தேச்சு வச்சிரும். வெட்டுவாயில போர்டோ பசை பூசுங்க: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 10 லிட்டர். இரும்பு வாளி வேண்டாம். பெரிய கிளையா இருந்து வெட்ட முடியலன்னா, தொரட்டியால கொத்தையாவது இழுத்துப் போடுங்க. மறுபடி துளிர்க்கும், ஆனா அந்த வருசம் விதை விழாது.

புல்லுருவி இலையில முடிப்புழு கூட்டமா மேஞ்சா விட்டுருங்க. அடிறக்கை மஞ்சளும் ஓரத்துல சிவப்புப் பொட்டுமா பறக்குதே, அந்த வண்ணத்துப்பூச்சியோட குஞ்சுதான்.

மலையோரத்தான்
நன்றிக்கா. கருகின ரெண்டு கொத்து தானா சாகுதே, அதையும் வெட்டணுமா?

வேர்முடிச்சு
வெட்டணும். உள்வேர் சாகல. வெட்டுறதுக்கு முன்னாடி பாதி கருகி பாதி பச்சையா இருக்கற ஒரு கிளையைக் காகித உறையில போட்டு, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல காட்டுங்க. முழுசா காய்ஞ்சதைக் கொண்டுபோகாதீங்க, அதுல வேற பூஞ்சையெல்லாம் ஏறியிருக்கும். மிச்சத்தை ரப்பர் பக்கம் போடாம எரிச்சிருங்க.

மலையோரத்தான்
சரி தம்பி. இலையை இப்பவே டப்பாவுல வைக்கிறேன், பொட்டு எழும்பினா படம் போடுறேன்.