மென்டார் எல்லாத்தையும் கழட்டி முதல்ல இருந்து வைக்கச் சொல்லிட்டார், அவசரம், யாராவது சொல்லுங்க

பொருநை:
அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனிக்கு இன்டர்ன்ஷிப் வந்திருக்கேன். என் மென்டாருக்கு வேலைமேல அவ்வளவு ஆசை. ஒளியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா போர்டு நிறைஞ்சிடும், நேரம் போறதே தெரியாது. கேட்கும்போது எல்லாம் புரியற மாதிரிதான் இருக்கு. மேசை முன்னாடி நின்னா கை ஓடல. நான் மேசைமேல பாதி வச்சிருந்த லேசர் செட்டப்பை இன்னைக்குச் சாயங்காலம் பார்த்தார். "இது சரியில்லை, நாளைக்கு முழுசாக் கழட்டிட்டு நீயே முதல்ல இருந்து வை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கோபமா இருக்காரா? திருப்பி அனுப்பிடுவாரா? அவரை மாதிரி வரணும்னு ரொம்ப ஆசையா இருக்கு. இப்போ பயம்தான் அதிகம். காலையில ஒன்பது மணிக்கு லேபுக்குப் போகணும்.

வடக்குவாசல்:
தங்கச்சி, முதல்ல பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. வீட்டுக்குக் குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, பண்ணணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் (நீங்க அங்கே குடிவந்ததுக்கான உறுதிக் கடிதம்) வேணும், வாடகை ஒப்பந்தம் மட்டும் கொண்டுபோனா திருப்பி அனுப்பிடுவாங்க. பதிவு ஆனதும் ரேடியோ கட்டணக் கடிதம் வரும். வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. ஷேரிங் வீடா இருந்தா ஒருத்தர் கட்டினாப் போதும், அவங்க எண்ணைக் குறிச்சு பதில் போடுங்க. கடிதத்தை ஒதுக்கி வைக்காதீங்க, அபராதம் சேரும். முதல் மாசங்கள்ல ஆளைச் சாய்க்கிறது இந்தக் கடிதங்கள்தான். மென்டார் பேசினதெல்லாம் அப்புறம்.

ஈரக்காற்று:
மேல சொன்னது எல்லாருக்கும் பொருந்தாது. வழக்கமா வெளிநாட்டுல வசிக்கிறவங்க, ஜெர்மனியில வேற பதிவு இல்லாம மூணு மாசத்துக்கு உள்ளான காலம் தங்கினா, ஆன்மெல்டுங் கட்டாயமில்லை. மூணு மாசம் தாண்டினாத்தான். ஆனா உள்ளூர் வங்கிக் கணக்குக்கும் தங்கும் அனுமதிக்கும் பதிவுச் சான்று கேட்பாங்க, அதனால பலர் முன்னாடியே பண்ணிடறாங்க. எத்தனை மாசம்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லையே?

மாலைக்கதிர்:
இந்த "ஆர்வமான மென்டார்" விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருங்கம்மா. ஆர்வம்ங்கிற பேர்ல ராத்திரி வரைக்கும் நிக்க வைப்பாங்க. இங்க வேலைநேரச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 10 மணி நேரம் வரை நீட்டலாம், ஆனா ஆறு மாசச் சராசரி 8-ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் தொடங்கறதுக்கு நடுவுல 11 மணி நேர ஓய்வு தரணும். ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க.

வடக்குவாசல்:
ஓய்வு கிடைச்சு என்ன பண்றது? ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் பூட்டு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அரிசி பருப்பு வாங்கலேன்னா ரயில் நிலையத்துக் கடையில ரெட்டை விலை. சின்ன ஊர்ல கறிவேப்பிலை கண்ணுலயே படாது. நவம்பர்ல நாலரைக்கே இருட்டிடும்.

ஈரக்காற்று:
ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் சீஸும்தான். மதியம் மென்சாவுல, அதான் பல்கலைக்கழக கேன்டீன்ல, சூடாச் சாப்பிட்டுக்கணும், அங்கேயும் நேரத்தோட போகலேன்னா நல்லது தீர்ந்துபோயிடும்.

அலைநீளம்:
கடைப் பேச்சு அப்புறம் இருக்கட்டும், அந்தப் பொண்ணுக்குக் காலையில ஒன்பது மணிக்கு வேலை இருக்கு. பொருநை, நாலு விஷயம் சொல்லுங்க. எந்த ஊர்? மேசைமேல இருக்கிறது என்ன செட்டப்? லேசர் என்ன அலைநீளம், என்ன பாதுகாப்பு கிளாஸ்? அவர் "சரியில்லை"ன்னு கையைக் காட்டினது எந்த இடத்துல?

பொருநை:
மன்னிச்சுக்கோங்க அண்ணா, பதற்றத்துல விட்டுட்டேன். ஊர் யெனா. மொத்தம் மூணு மாசத்துக்கும் குறைவு, ஸ்காலர்ஷிப்ல வந்திருக்கேன். மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர், ஒரே ஒளியை ரெண்டாப் பிரிச்சு மறுபடி சேர்க்கிற கருவி. ஹீலியம்-நியான் லேசர், 632.8 நானோமீட்டர், கிளாஸ் 3ஆர். கடைசியில வெள்ளை ஒளியில ஃப்ரிஞ்ச் (சேர்ற இடத்துல வர்ற கோடுகள்) காட்டணும். அவர் ஒளியைப் பிரிக்கிற பீம் ஸ்ப்ளிட்டருக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு கண்ணாடியைக் காட்டினார். லேசர் ஃப்ரிஞ்ச் ஒரு தடவை வந்துச்சு, கொஞ்ச நேரத்துல ஓரமா நகர்ந்து போயிடுச்சு.

அலைநீளம்:
அப்போ அவர் சொன்னது உங்களைப் பத்தி இல்லை, பீம் பத்தி. இந்த ஊர்ல வேலை சரியில்லேன்னா நேராச் சொல்லிடுவாங்க, அது அந்த வேலையோட முடிஞ்சது. அனுப்பணும்னு நினைக்கிறவர் மொத்த மேசையையும் உங்க கையில கொடுக்க மாட்டார்.

காலையில கழட்டறதுக்கு முன்னாடி மேலேருந்தும் பக்கவாட்டிலேருந்தும் படம் எடுங்க. கண்ணாடியைத் தாங்கற கம்பி, அதான் போஸ்ட், எங்கே இருந்துச்சுன்னு மேசைத் துளை எண்ணை நோட்டுல குறிங்க. லேசரை ஆன் பண்ணி அரை மணி நேரம் சூடாக விடுங்க, அதுக்கு முன்னாடி அலைன் பண்ணா பீம் மெதுவா நகரும். உங்க ஃப்ரிஞ்ச் ஓடிப்போனதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மோதிரம், வளையல், வாட்ச் கழட்டிடுங்க. கீழே விழுந்ததை எடுக்கும்போது பீம் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாதீங்க, முதல்ல ஷட்டரை மூடுங்க. பாதுகாப்பு வகுப்புல கையெழுத்துப் போடலேன்னா லேசரைத் தொடறதுக்கு முன்னாடி லேசர் பாதுகாப்பு அதிகாரியைப் பாருங்க.

இப்போ அந்த ரெண்டு கண்ணாடி. பீம் போற வழியில ரெண்டு ஐரிஸ் (நடுவுல சின்னத் துளை இருக்கிற தடுப்பு) வைங்க, ஒண்ணு கண்ணாடிகளுக்குப் பக்கத்துல, ஒண்ணு முடிஞ்ச அளவு தூரத்துல. ரெண்டோட துளையும் மேசையிலிருந்து ஒரே உயரத்துல இருக்கணும், ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. பக்கத்து ஐரிஸை முதல் கண்ணாடியால பிடிங்க, தூரத்து ஐரிஸை ரெண்டாவது கண்ணாடியால பிடிங்க, அதாவது அந்தக் கண்ணாடியைத் திருகி பீமை அந்தத் துளை நடுவுல கொண்டுவாங்க. ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு கொஞ்சம் கெடும். மறுபடி முதல்ல இருந்து. ஒவ்வொரு சுத்துக்கும் பிழை குறையணும். கண்ணாடியை மாத்திப் பிடிச்சா குறையறதுக்குப் பதிலாக் கூடும், நிறையப் பேர் மாட்டிக்கிறது அங்கேதான். ஒரு கண்ணாடிக்கு ரெண்டு திருகு, மொத்தம் நாலு. பீமோட இடத்துக்கு ரெண்டு, கோணத்துக்கு ரெண்டு. அதனாலதான் ஒரே கண்ணாடியை வச்சுக்கிட்டு என்ன திருகினாலும் முடியாது.

தொடங்கும்போது எல்லாத் திருகும் அதோட பயணத்தோட நடுவுல இருக்கட்டும். ஓரத்துக்குப் போயிட்டா நடுவுல கொண்டுவந்து, கண்ணாடி உட்கார்ந்திருக்கிற மவுண்ட்டையே கையால திருப்பி முரட்டு அலைன்மென்ட் பண்ணுங்க. பீம் கண்ணாடியோட நடுவுல விழணும். ஓரத்துல வெட்டுப்பட்டா பின்னாடி நல்ல ஃப்ரிஞ்ச் வராது. போஸ்ட் ஹோல்டர் திருகை இறுக்கினீங்களான்னு ரெண்டு தடவை பாருங்க, ஃப்ரிஞ்ச் ஓரமா நகர்றதுக்கு லேசருக்கு அடுத்தபடி சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

மாலைக்கதிர்:
இதையெல்லாம் மென்டார்தானே சொல்லித் தரணும்? போர்டுல மணிக்கணக்காப் பேசற நேரத்துக்கு ஒரு தடவை பக்கத்துல நின்னு காட்டலாமே.

கண்ணாடிப்பட்டறை:
காட்டலாம், ஆனா அவர் கை ஓடறதைப் பார்த்து யாரும் அலைன்மென்ட் கத்துக்க முடியாது. பொருநை அவர்கிட்ட வேற மாதிரி கேட்கணும்: "நீங்க தொடாதீங்க, வாயால மட்டும் சொல்லுங்க, நான் திருகறேன்." திருகும்போது ஒரே கேள்வி: "எதைப் பார்த்து இந்தத் திருகைச் சொன்னீங்க?" அனுபவசாலி கண்ணு எங்கே போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது, கேட்டாத்தான் வெளியே வரும். கேள்வியோட ஒரு அளவும் எடுத்துட்டுப் போங்க. "வரல சார்"னு போய் நின்னா மறுபடி போர்டுப் பாடம்தான். "தூரத்து ஐரிஸ்ல பீம் 2 மில்லிமீட்டர் இடப்பக்கம் நிக்குது, ரெண்டாவது கண்ணாடியோட கிடைத் திருகு முடிஞ்சுபோச்சு"ன்னு சொன்னா நேரா மேசைக்கு வருவார். அன்னைக்குச் சாயங்காலமே அஞ்சு வரி மெயில் போடுங்க: என்ன செஞ்சேன், என்ன அளந்தேன், எங்கே நின்னேன், நாளைக்கு முதல் வேலை என்ன, ஒரு கேள்வி. ரொம்ப ஆர்வமா இருக்கறவங்களுக்கு எதிர்ல இருக்கறவருக்கு எது புரியலன்னு கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்ட வேண்டியது மாணவரோட பொறுப்பு.

யெனாவுல இருக்கீங்க, ஒரு விஷயம் சொல்லாம இருக்க முடியல. 1846-ல கார்ல் சைஸ் அங்கே பட்டறை தொடங்கினப்போ மைக்ராஸ்கோப் லென்ஸை வச்சுப் பார்த்து, மாத்திப் பார்த்துத்தான் சரி பண்ணாங்க. 1866-ல இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே அவரோட சேர்ந்து, கணக்குப் போட்டு லென்ஸ் செய்யலாம்னு தொடங்கினார். பிழை குறையட்டும்னு கணக்குப்படி லென்ஸோட திறப்பைச் சின்னதாக்கினார். படம் பழைய லென்ஸைவிட மோசமா வந்துச்சு. அது ஏன்னு விடாமத் தேடினதுலதான் 1873-ல தெளிவு எல்லை பற்றிய விதி பிறந்தது: அலைநீளத்தை, ஒளிவிலகல் எண்ணும், லென்ஸுக்குள்ள வர்ற ஒளிக்கூம்போட அரைக்கோணத்தோட சைனும் சேர்ந்த பெருக்கலோட ரெண்டு மடங்கால வகுக்கணும். பச்சை ஒளி 550 நானோமீட்டர், லென்ஸோட எண்திறப்பு (அந்தப் பெருக்கல்தான்) 1.4-ன்னா கிட்டத்தட்ட 200 நானோமீட்டர். அதுக்குக் கீழே சாதாரண மைக்ராஸ்கோப்புல பிரிச்சுப் பார்க்க முடியாது. அந்தச் சூத்திரத்தைக் கல்லுல செதுக்கி நினைவுச்சின்னமா அந்த ஊர்லயே வச்சிருக்காங்க. உங்க மென்டாரை அங்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, அவர் மாதிரி ஆளு மாட்டேன்னு சொல்ல மாட்டார்.

மாலைக்கதிர் வேலைநேரம் பத்திச் சொன்னதும் அந்த ஊருக்குச் சொந்தமான விஷயம்தான். ஆபேயோட அப்பா நூற்பாலையில தினம் 14 மணி நேரத்துக்கு மேல நின்னு வேலை செஞ்சவர். 1900-ல சைஸ் ஆலையில 8 மணி நேர வேலையை ஆபே கொண்டுவந்தார். அதனால ராத்திரி வரை நிக்கச் சொன்னா தயங்காம நேரத்தைச் சொல்லிக் கிளம்பலாம், அங்கே யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

மாலைக்கதிர்:
சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம், கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே இன்டர்ன்ஷிப் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் கேட்டுடுங்க. என்னென்ன கருவி, எந்த முறை, என்ன முடிவுன்னு விவரம் எழுதித் தரச் சொல்லுங்க, வெறும் தேதி மட்டும் இருந்தா ஊர்ல உதவாது.

பொருநை:
எல்லாருக்கும் நன்றி. காலையில படம் எடுத்துட்டுக் கழட்டினேன். நான் கண்ணாடியை மாத்தித்தான் பிடிச்சுட்டு இருந்திருக்கேன். அவரைத் தொடாம வாயால சொல்லச் சொன்னேன், உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். மதியத்துக்குள்ள லேசர் ஃப்ரிஞ்ச் வந்துடுச்சு, நகரவும் இல்லை. வெள்ளை ஒளி போட்டா மட்டும் ஒண்ணும் தெரியல. ஏன்?

அலைநீளம்:
நல்லது தங்கச்சி. லேசரோட ஒத்திசைவு நீளம், அதாவது எவ்வளவு பாதை வித்தியாசம் வரைக்கும் கோடு வரும்ங்கிற அளவு, பல சென்டிமீட்டர். அதனால பிரிஞ்ச பீம் போற ரெண்டு பாதையும், அதான் ரெண்டு கையும், சமமா இல்லேன்னாலும் ஃப்ரிஞ்ச் வரும். வெள்ளை ஒளிக்குப் பாதை வித்தியாசம் ஒண்ணு ரெண்டு மைக்ரானுக்குள்ள இருக்கணும். முதல்ல ஒரு கையில காம்பன்சேட்டர் தகடு இருக்கான்னு பாருங்க, ஸ்ப்ளிட்டர் செஞ்ச அதே வகைக் கண்ணாடி, அதே தடிமன்ல இருக்கிற தகடு. அது இல்லேன்னா எல்லா நிறத்துக்கும் ஒரே இடத்துல சமம் ஆகாது.

லேசரை வச்சுக்கிட்டே ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ங்க. வளைஞ்ச கோடு வரும். கண்ணாடியை முன்னும் பின்னும் கொண்டுபோற ஸ்டேஜை நகர்த்த நகர்த்த வளைவு குறைஞ்சு நேராகும், தாண்டினா எதிர்ப்பக்கம் வளையும். நேரா இருக்கிற இடம்தான் சமப் பாதைக்குப் பக்கம், மைக்ரோமீட்டர் அளவைக் குறிங்க. உடனே வெள்ளை விளக்குக்குப் போகாதீங்க. நடுவுல சிவப்பு எல்ஈடி போடுங்க, அதோட ஒத்திசைவு நீளம் சுமார் 20 மைக்ரான், தேடறது சுலபம். அதுல கோடு ரொம்பத் தெளிவா இருக்கிற இடத்துல நிறுத்திட்டு, வெள்ளை ஒளி தர்ற ஹாலஜன் விளக்குக்கு மாத்தி, ஒரு மைக்ரானுக்கும் குறைவான அடியா ஒரே திசையில நகருங்க. பின்னாடி திரும்பணும்னா திருகோட தளர்வு போக நல்லாத் தாண்டிப் போய், மறுபடி அதே திசையிலேயே வாங்க. நிறம் நிறமா சில கோடுதான் வரும், வேகமாத் திருகினா பார்க்காமலே தாண்டிடுவீங்க. ஏசி காற்று மேசைமேல அடிக்காம ஒரு அட்டைப்பெட்டியால மூடிக்கோங்க.