மறு: ‘ஜர்னிமேன்’ – பயணத் தொழிலாளரா?

வணக்கம்.

> இடைக்கால ஐரோப்பிய நகரங்கள் பற்றிய கட்டுரையில் ‘ஜர்னிமேன்’ என்பதற்குப் ‘பயணத் தொழிலாளர்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. ஜர்னிமேன் என்பவர் தொழில் பழகி முடித்து, இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர். அந்த ‘ஜர்னி’ பிரெஞ்சு ‘ழுர்னே’யிலிருந்து வந்தது: ஒரு நாள், ஒரு நாள் வேலை. ஜெர்மன் நகரங்களில் இவர்கள் ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தது உண்மைதான், பின்னால் பல தொழில்களில் அது கட்டாயமும் ஆனது. ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. ‘பயணத் தொழிலாளர்’ என்று படித்தால் எனக்கு வண்டியோட்டிதான் நினைவுக்கு வருகிறார்.

> அப்படியானால் ‘நாட்கூலி’ என்றே வைக்கலாமே?

இதுவும் வேண்டாம். நாட்கூலி என்றதும் மண் சுமப்பவர்தான் கண்ணில் நிற்பார். இவரோ தொழில் பழகி முடித்தவர். லண்டனில் பழகும் காலம் பொதுவாக 7 ஆண்டு. பாரிஸில் தொழிலுக்குத் தொழில் மாறும். சில தொழில்களில் கூடுதல் பணம் கட்டினால் ஆண்டு குறையும். அத்தனையும் முடித்த பிறகும் சொந்தப் பட்டறை வைக்க இவரால் முடியாது. அதற்கு முதல் வேண்டும், அந்தத் தொழில்காரர்களின் சங்கத்துக்கு (கில்டு) கட்டணம் வேண்டும், பிற்காலத்தில் பல ஊர்களில் தேர்வுக்கென்று ஒரு பொருளைச் செய்து காட்டவும் வேண்டும். அதுவரை இன்னொருவர் பட்டறையில், பல நேரம் அவர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டு, கூலிக்கு வேலை. கூலி நாள் கணக்கில்தான் என்றும் இல்லை. வாரத்துக்கு, ஆண்டுக்கு என்றும் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே ‘நாள்’ போகட்டும், ‘கூலி’ இருக்கட்டும். சண்டையெல்லாம் அதில்தான் நடந்தது. 1396-இல் லண்டன் சேணத் தொழிலில் நடந்ததைப் பாருங்கள். கூலிக்கு வேலை செய்தவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டு வைத்து, ஒரே சீருடை போட்டு, ஒன்றாகக் கோயிலுக்குப் போனார்கள். பக்தி சும்மா சாக்கு, கூலியை ஏற்றத்தான் கூடுகிறார்கள் என்று பட்டறைக்காரர்கள் முறையிட்டார்கள். மேயரும் நகர மன்றமும் பட்டறைக்காரர் பக்கம் நின்று அந்தக் கூட்டுக்குத் தடை போட்டன. (முறையீடு முழுப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்தியும் இருந்திருக்கும், கூலியும் இருந்திருக்கும்.)

என் பரிந்துரை கூலிவினைஞர். ‘வினைஞர்’ கைத்திறனைச் சொல்லிவிடும், ‘கூலி’ அவருடைய நிலையைச் சொல்லிவிடும்.

‘கம்மியர்’ (கொல்லர், தச்சர் போன்றவர்) பழைய சொல், அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் ரொட்டி சுடுபவரையும் இறைச்சி வெட்டுபவரையும் கம்மியர் என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கும் சங்கம் இருந்தது. 1268 வாக்கில் பாரிஸை நிர்வகித்த அரச அதிகாரி எத்தியேன் புவாலோ அந்நகரின் ஏறத்தாழ 100 தொழில்களின் விதிகளை எழுதி வைத்தார். அதில் பட்டு நூற்கும் பெண்களின் தொழிலும் உண்டு. வினைஞர் என்றால் ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ‘-மேன்’ ஒட்டிக்கொண்ட ஆங்கிலச் சொல்லைவிட இது மேல்.

ஜெர்மானியர் ‘கெசெல்லே’ என்பார்கள், ஒரே அறையில் இருப்பவர். பிரெஞ்சில் ‘கொம்பஞ்ஞோன்’, ரொட்டியைப் பகிர்பவர். அதைப் பார்த்து ‘கூட்டாளி’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம்மிடம் கூட்டாளி லாபத்திலும் பங்கு கேட்பார்!

மற்ற இரண்டு படிகள்: பழகுபவருக்கு அரசு வழக்கிலேயே ‘தொழில் பழகுநர்’ இருக்கிறது, மாற்ற வேண்டாம். பட்டறைக்காரருக்குத் ‘தலைவினைஞர்’ என்று வைக்கலாமா? ‘முதலாளி’ எனக்கு ஒத்துவரவில்லை. அவர் பணம் போட்டவர் மட்டுமல்ல, தானும் உட்கார்ந்து தோல் தைத்தவர்.

‘கில்டு’ என்பதற்கு ‘வணிகக் குழு’ என்று எழுதுவதையும் பார்க்கிறேன். ஃபுளோரன்ஸின் 21 கில்டுகளில் முதல் வரிசையிலேயே நீதிபதிகளும் ஆவண எழுத்தர்களும் இருந்தார்கள்; அவர்கள் என்ன வணிகம் செய்தார்கள்? அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.