பம்ப் பட்டன் விரலுக்குச் சிக்கலைன்னா என்ன செய்யச் சொல்றீங்க?

வணக்கம். விறைப்பு வராதவங்களுக்கு ஆண்குறிக்குள் வைக்கிற, பம்ப்பால இயங்குற இம்ப்ளான்ட் பத்தி, சர்க்கரையால விரல் மரத்துப்போன தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பெரியவங்களுக்காகத் தமிழ்ல ஒரு பக்கக் குறிப்பு தயார் பண்றோம்.

1973-ல வந்த முதல் மாடல்ல, குறிக்குள்ள இருக்கிற சிலிண்டர்ல சலைனை (உப்புநீர்) ஏத்தி விறைப்பாக்க ஒரு பம்ப், இறக்க ஒரு பம்ப். இப்போ விதைப்பையில ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு சிலிண்டரும் அடிவயித்து சலைன் பையும் அப்படியே இருக்கு. முன்னெல்லாம் இறக்க, பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்; ஏ.எம்.எஸ். 700-ங்கிற மாடல்ல இப்போ 2–4 நொடி அழுத்தி விட்டா போதும். அப்புறம் குறியை மெல்ல அமுக்கி மிச்ச சலைனைத் தள்ளணும்.

சிக்கல் எங்கன்னா, ஆபரேஷன் முடிஞ்ச வாரங்கள்ல டாக்டர் சொன்னபடி பம்பைத் தினமும் கீழ இழுத்துவிடாதவங்களுக்கு அது மேல ஏறி ஒட்டிக்குது. பட்டன் எது, டியூப் எதுன்னே தெரியாது. பல்ப் (ஏத்த அமுக்குற பம்ப் உருண்டை) உள்வாங்கிக் கிடந்தா ஓங்கி நசுக்குறாங்க (இதுதான் பெரிய தப்பு).

வெந்நீர்ல குளிச்சு விதைப்பை தளர்ந்ததும் பம்பைத் தேடச் சொல்றோம். இதைவிட நல்ல வழி இருக்கா? சம்சாரம் இயக்கினா சுலபமா இருக்கா? பழகிப்பார்க்க டெமோ பம்ப் ராயபுரம் பக்கம் யார்கிட்டயாவது இரவல் கிடைக்குமா? கூச்சமா இருந்தா தனிச் செய்தியில சொல்லுங்க.